கிணறும் குழாயும் உள்ள வீட்டுக்கு எந்தக் கணக்கு?

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய் வந்த யாழ்ப்பாண வீடுகள் பலவற்றில் கிணறும் கூடவே இருக்கிறது. அடுத்த கோடைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை அத்தகைய வீடு எப்படிக் கணிப்பது? மூன்று வழிகள் உண்டு.

ஆள்கணக்கு எளிது. தாளையடி நிலையம் நாளொன்றுக்கு 2.4 கோடி லீற்றர் தரவல்லது. அது ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு என்றால் ஆளுக்கு 80 லீற்றர். ஊருக்குக் குழாய் பதிக்க இக்கணக்குப் போதும். வளவிலுள்ள வாழையும் மாடும் இதில் சேராது.

மானிக்கணக்குக்கு ஓராண்டு நீர்ப்பட்டியல்களை அடுக்கிப் பார்க்கவேண்டும். கிணறில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழியில்லை. கிணறுள்ள வீட்டிலோ, மோட்டர் இறைப்பது மானிக்குத் தெரியாது. நமது சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருந்து உவர்நீர் 40 அடிவரை ஏறலாம் என்பது நீரியலாளர் கணக்கு. கிணறு உவர்த்துப்போனால், மானி காணாத அவ்வளவு தேவையும் ஒரேயடியாகக் குழாயின்மேல் விழும்.

ஆகவே நான் சொல்வது தாங்கிக்கணக்கு. மேல்தாங்கி ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் சுவிச்சருகே உள்ள நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். கிணற்றடியில் அள்ளிக் குளிப்பவர்கள் வாளியை எண்ணட்டும். குழாய்நீர் தாங்கிக்குப் போகாமல் நேரே வந்தால் மானி அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாரியில் ஒரு கிழமை, கோடையில் ஒரு கிழமை எழுதினால் போதும்; இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கவேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவினர் வந்து வீடு நிறைவது கிணறு வற்றிக்கிடக்கும் ஆவணியை ஒட்டித்தான். அந்தக் கிழமைகளைத் தனியாகக் கணியுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆள்கணக்கே சரி. நால்வருக்கு, ஆளுக்கு 10 லீற்றர் வீதம், மழையற்ற 240 நாட்களுக்கு 9,600 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 120 மில்லிமீற்றர் மழை விழுந்து ஐந்திலொன்று வீணானாலும் இவ்வளவும் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழை வழக்கமாக இதைவிடப் பன்மடங்கு. 10,000 லீற்றர் மழைநீர்த் தொட்டி கட்ட இடமிருந்தால் கட்டுங்கள். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கு அருகே கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கு இது அவசரம். உரத்தாலும் மலக்குழியாலும் கிணற்றில் சேரும் நைத்திரேற்று கைக்குழந்தைக்கு ஆபத்து; அது கொதிக்கவைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.