ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும்போது: உடலைப் பற்றிப் பேசுங்கள்



ஆட்டிசம் உள்ள உங்கள் பிள்ளைக்கும் பருவம் வரும். ஒருவர்மேல் ஆசையும் வரும். அதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்.

உறுப்புகளை ஆண்குறி, பெண்குறி, மார்பு என்று உரிய பெயரிலேயே சொல்லுங்கள். (எழுதும் எங்களுக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.) செல்லப்பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை, தனக்கு நடந்ததைச் சொன்னாலும் டாக்டருக்கும் போலீசுக்கும் புரியாமல் போகலாம்.

“தெரியாதவர் தொட விடாதே” என்பது லெம்பா பெர்த்தாம் தோட்டங்களில் போதாது. லயத்தில் எல்லாரும் மாமா, அத்தை, அண்ணன்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள்: மாமா தெரிந்தவர், ஆகவே தொடலாம். அதனால் ஆளை வைத்து அல்ல, உடலை வைத்து விதி சொல்லுங்கள். “உள்ளாடை மூடும் இடத்தை யாரும் தொடக்கூடாது. மாமாவும் கூடாது. கிளினிக்கில் டாக்டர் பார்க்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன்.”

பிள்ளைக்கும் இதே விதிதான். ஆறு வயதில் எல்லாரையும் கட்டிப்பிடித்தால் சிரிப்போம். பதினாறில் அது வம்பு. கேட்டு, ‘சரி’ என்றால் மட்டுமே தொட வேண்டும். தன் உடலைத் தொடுவது தவறல்ல. ஆனால் நம் வீட்டில், கதவை மூடிக்கொண்டு. பள்ளிக் கழிவறையில் அல்ல.

சந்தேகம் வந்தால் தாலியான் காசே 15999-ஐ எந்நேரமும் அழையுங்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செய்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் அப்படியே.