மெட்டு தெரியும், படம் தெரியாது

கேள்வி: இரவு ரேடியோவில் ஒரு பழைய பாட்டு கேட்டேன். குழைவான ஆண் குரல். வார்த்தை மறந்துவிட்டது, மெட்டு மட்டும் நிற்கிறது. எந்தப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பிச்சாட்டூர்

மெட்டு இருந்தால் போதும்! கைப்பேசியில் கூகுள் செயலியைத் திறந்து, மைக்கைத் தொட்டு, பாட்டைத் தேடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பதினைந்து விநாடி முணுமுணுத்தால் போதும். 2020-இல் வந்த இந்த வசதிக்கு வார்த்தையே வேண்டாம்.

கிடைக்கவில்லையா? தெலுங்குப் பக்கமும் தேடுங்கள்; ஒரே மெட்டு இரு மொழியிலும் வந்திருக்கலாம். குழைவான குரல் என்றால், பழைய சித்தூர் மாவட்டத்தில் பிறந்த உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஏ.எம்.ராஜாவாக இருக்கலாம். 1955-இல் தமிழில் 'மிஸ்ஸியம்மா', தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' வந்தன. இசை எஸ்.ராஜேஸ்வர ராவ், இரண்டிலும் பாடியவர் ராஜா. அவரே இசையமைத்த 'கல்யாண பரிசு' (1959) மறு ஆண்டே தெலுங்கில் 'பெள்ளி கானுக' ஆனது. அதற்கும் அவரே இசை. ஆகவே தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் மெட்டைப் பாடிக் காட்டுங்கள். அவர் சொல்லும் தெலுங்குப் படத்தை வைத்துத் தமிழ்ப் படத்தைப் பிடித்துவிடலாம்.

இனி பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பேசுவதைக் கவனியுங்கள். பெரும்பாலும் படம், பாடியவர் பெயரைச் சொல்லிவிடுவார். தவறவிட்டால், கேட்ட தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அந்த வானொலி நிலையத்துக்கே ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.