நம் கதையை நாமே நூலாக்குவோம்



இடம் பெயர்ந்தபோது இழந்தவை எவை என்று கேட்டால், லயத்துக் காம்பரா, மரக்கறித் தோட்டம், மாட்டுப்பட்டி என்று சொல்வீர்கள். இவை நிவாரணப் பட்டியலில் இருக்கும். ஆனால், அந்த மண்ணை முதலில் கொத்தியவர் யார், காமன் கூத்தில் ரதியாக ஆடியவர் யார் என்பது எந்தப் பட்டியலிலும் இராது. அதை எழுதக்கூடியவர்கள் நீங்களே. "எங்களுக்கு எழுத என்ன தெரியும், சுவாமி?" என்பவர்களுக்காகவே இந்தப் பாடம்.

நமக்கு ஒரு முன்னோடி உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். தோட்ட மக்கள் வாய்வழி பாடிவந்த பாடல்களைக் கேட்டுத் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அவர் கற்றுத்தரும் முதற்பாடம் இதுதான்: எழுதுமுன் கேட்க வேண்டும்.

1. கேட்டுக் குறியுங்கள். ஒரு கொப்பி போதும். முதியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்பதையும் குறியுங்கள். ஆண்டு நினைவில்லையென்றால், "மூத்தவள் பிறந்த வருஷம்" என்று குறித்து, பின்னர் கணக்கிடலாம்.

2. சிறிதாகப் பிரியுங்கள். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் ஆள், அல்லது ஒரு சம்பவம். தோட்டத்தின் முழு வரலாற்றையும் முதல் நாளே எழுத முயன்றால் மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடுவீர்கள்.

3. உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பெரட்டு, பீலி, தொங்கல் காம்பரா ஆகிய சொற்களுக்கு வெட்கப்பட வேண்டாம். தெளிவத்தை ஜோசப் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

4. கவ்வாத்து வெட்டுங்கள். வெட்டாத தேயிலை மரமாகிவிடும், கொழுந்து கைக்கெட்டாது. எழுத்தும் அப்படியே. ஒருவர் இவ்வாறு எழுதுகிறார் என்று வைப்போம்: "இயற்கையின் கோரச் சீற்றம் எம்மை விழுங்கிய அந்தக் கொடிய இரவை எம்மால் மறக்க இயலாது." இது யாரும் எழுதக்கூடியது. இதை வெட்டி, நடந்ததை எழுதுங்கள்: "அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மேல் லயப்பக்கம் மண் சரியும் சத்தம் கேட்டது. கல்லில் கிடந்த ரொட்டியை எடுக்காமலே ஓடினோம்." இதை அங்கே இருந்தவரே எழுத முடியும்.

5. உரக்க வாசியுங்கள். அதே சம்பவத்தைக் கண்ட இருவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். "அப்படி நடக்கவில்லை" என்று அவர்கள் சொன்னால் கோபிக்க வேண்டாம், விசாரித்துத் திருத்துங்கள். உயிரோடிருப்பவரின் துயரத்தை அவருடைய சம்மதமின்றி அச்சிட வேண்டாம்.

6. அச்சுக்கு முன். எழுத்துப்பிழையை எழுதியவர் கண் காணாது. ஆசிரியர் ஒருவரையோ பள்ளியில் படிக்கும் பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் பொதுவாக 16 பக்கம் ஒரு பாரம். நான்கு பாரமானால் 64 பக்கம். முதல் நூலுக்கு அது போதும். நூலுக்குரிய சர்வதேச தராதர எண்ணை கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம்.

முதியவர் ஒருவர் கண்மூடும்போது, எழுதப்படாத ஒரு நூலும் அவரோடு புதைகுழிக்குப் போகிறது. ஆகவே நாளைக்கென்று வைக்க வேண்டாம்.

செய்து பார்க்க: இன்றிரவு வீட்டிலுள்ள மூத்தவரிடம், "நம்ம பழைய வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பத்து வரியில் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தில் வாசியுங்கள்.