தோள்பட்டை வலி: லேசரா, பிசியோதெரபியா?



மூன்று மாதத்துக்கு முன் செம்பனைக் குலை அறுக்கும் நண்பர் ஒருவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "டிரசரையா, ஆறு தடவை லேசர் வச்சாச்சு. காசுதான் கரைஞ்சது, கை மேல போவல" என்றார். பயிற்சி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "பேப்பர் ஒன்னு குடுத்தாங்க. வலிக்குதேன்னு செய்யல." கோளாறு அங்கேதான்.

நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கி நாள் முழுதும் தலைக்கு மேல் வேலை செய்தால், தோள் மூட்டைப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நார்கள் களைத்துப் புண்படும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போவதும் அதிகம்.

லேசர் என்பது என்ன? 1967-ல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலியின் தோலில் சக்தி குறைந்த லேசரைக் காட்டியபோது ரோமம் சீக்கிரம் முளைத்ததைக் கண்டார். அதன் வழி வந்ததே இது. வெட்டாது, சுடாது. கண்ணில் மட்டும் படக்கூடாது.

காக்ரேன் ஆய்வாளர்கள் 2014, 2016-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். லேசர் கொஞ்ச காலம் வலியைத் தணிக்கலாம். ஆனால் சான்று பலமாக இல்லை. இறுகிய தோளுக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் சற்றுக் கூடலாம்.

ஆக, லேசர் வலியைத்தான் தணிக்கும். தசைக்குப் பலம் தராது. பலம் தருவது பயிற்சி. அதற்குப் பல வாரங்கள் பொறுமை வேண்டும். கையில் காசு குறைவென்றால் முதலில் பிசியோதெரபிக்குப் போங்கள். அரசாங்க மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு.

வீட்டில் செய்ய இரண்டு:

1. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல் மெதுவாக ஆட்டுங்கள்.

2. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மேலே ஏறுங்கள்.

காலையும் மாலையும் பத்துத் தடவை. இலேசான வலிக்குப் பயப்பட வேண்டாம். இராத்திரி வலி கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பிறகு கை தூக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ, கை மரத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுவலி, வியர்வையோடு தோள் வலித்தால் அது இருதயமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வேலையால் வந்த வலியென்றால் மருத்துவரிடம் செய்யும் வேலையை விவரமாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சொக்சோ மனுவுக்கு அந்தக் கடிதம் வேண்டும். கிளைச் செயலாளர் உதவுவார்.

அந்த நண்பர் இப்போது தலை வாரிக்கொள்கிறார். அரிவாள் தூக்க இன்னும் நான் விடவில்லை.