பாய்ப்படகும் பின்காற்றும்

மும்பைத் துறைமுகத்தில், கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னுள்ள நீர்ப்பரப்பிலிருந்து சிறு பாய்ப்படகொன்று எலிபெண்டாத் தீவிற்குப் புறப்படுவதாகக் கொள்வோம். தீவு கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. மழைக்காலம் நீங்கிய மாதங்களில், நண்பகலுக்குப் பின் அங்குக் கடற்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். ஆகவே போகும் வழி முழுதும் பின்காற்றே. படகு சாயாது செல்கிறது. முகத்தில் காற்றுப் படுவது அரிது. வெயில் மட்டும் சுடுகிறது. படகிலுள்ளோர் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உரையாடுவர். பழக்கமற்ற படகோட்டி, இன்று காற்று மெல்லியது என முடிவுசெய்கிறான். இம்முடிவே ஆபத்திற்கு வித்தாகும்.

காற்று மேற்கிலிருந்து மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது என்க. அதே திசையில் படகு 6 கடல் மைல் வேகத்தில் ஓடினால், படகிலிருப்போர் உணர்வது 9 மட்டுமே. திரும்பும்போதோ நேர் எதிர்க்காற்றில் பாய்ப்படகு செல்ல இயலாது. காற்றிற்கு ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறிச் செல்ல வேண்டும். அவ்வாறு 5 கடல் மைல் வேகத்தில் செல்கையில் உணரப்படும் காற்று சுமார் 19 ஆகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகலின், பாயின் ஒவ்வொரு சதுர அடியிலும் விழும் அழுத்தம் ஏறத்தாழ நான்கரை மடங்காகிறது. வானிலையோ மாறவில்லை, படகின் திசையே மாறிற்று. 10 கிலோமீட்டர் வழியும் 14 ஆக நீளுகிறது. ஒரு மணிக்குள் சென்றவர் திரும்புவதற்கு ஒன்றரை மணி ஆகும். நீரோட்டம் எதிர்த்தால் இன்னும் மிகுதியாகும்.

இவ்வாறு உணரப்படும் காற்றைத் 'தோற்றக் காற்று' என மொழிபெயர்ப்பதுண்டு. அச்சொல் எமக்கு நிறைவளிக்கவில்லை; பொய்யான காற்று என்ற மயக்கத்தை அது தருகிறது. பாயைத் தாக்குவது இக்காற்றேயன்றி வேறன்று.

பின்காற்றில் செல்வோன் தன் முகத்தை நம்பாது நீரை நோக்குதல் வேண்டும். அலைத்தலைகளில் வெண்ணுரை அடிக்கடி தோன்றுமாயின், காற்று மணிக்கு 11 கடல் மைலுக்குக் குறைந்ததன்று. அப்போது தீவின் ஒதுக்கிலேயே பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு புறப்படுதல் நன்று. நடுவழியில் சுருக்குவது கடினம்.

பின்காற்றில் ஒருவர் நீரில் விழுந்துவிட்டாலோ நிலைமை கடுமையானது. 6 கடல் மைல் வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் சுமார் 185 மீட்டர் விலகிவிடும். பதற்றத்தில் சுக்கானைச் சட்டெனத் திருப்பிப் பாய்க்கயிற்றையும் இறுக்கினால், முழுப்பாயுடனுள்ள படகு சாய்ந்து நீர் புகும். மறுபுறமாகத் திருப்பினாலோ, பாயின் அடிக்கழி குறுக்கே வீசி வந்து தலையில் அடிக்கும். மிதவையை உடனே எறிக. விழுந்தவரைக் கண்ணிமைக்காது சுட்டிக்காட்ட ஒருவரை நிறுத்துக. கயிற்றை இளக்கிக் கையிற் பிடித்தவாறே படகைக் காற்றை நோக்கிப் படிப்படியாகத் திருப்புக.

கடலற்ற ஊர்களிலும் ஆசிரியர்கள் இதனை விளக்கலாம். சைக்கிளின் கைப்பிடியில் காகிதக் காற்றாடியொன்றைக் கட்டி, காற்று வீசும் மாலையில் மாணவனொருவனைக் காற்றோடு ஓட்டச் செய்க. காற்றாடி தயங்கும், சிலவேளை நின்றேவிடும். அவன் திரும்பி அதே வேகத்தில் வரும்போது அது சுழலுவதை வகுப்பு முழுதும் காணும்.