கரிசல் வட்டாரப் பெருந்தொற்று ஆய்வும் நிதிநல்கையும்

பெருந்தொற்று ஆய்வுக்கு நிதி நாடும் தமிழ்த்துறையினர் ‘கொரோனா’ என்ற தலைப்பை மட்டும் நம்புதல் இன்று பயன் தராது. 1969இல் நிறுவப்பெற்ற இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் 2020இல் விடுத்த சிறப்பு அழைப்பு அக்காலத்துக்கு உரியது. இனி நாடத்தக்கவை அதன் பொதுவான குறுந்திட்ட, பெருந்திட்ட நல்கைகளே. அவற்றுக்கு நோயின் பெயரினும் ஆய்வு வினாவே முதன்மை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அத்தகு வினா உண்டு: கொள்ளைநோய்க் காலத்தில் தறியையும் மானாவாரி நிலத்தையும் நம்பிய குடும்பங்கள் எவ்வாறு பிழைத்தன? 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தைச் சொல்ல மக்கள் உள்ளனர். 1918ஆம் ஆண்டு நச்சுக்காய்ச்சலுக்கோ ஆவணமே துணை. விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் தோன்றியது. எனவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இராமநாதபுரம் மாவட்டக் கோப்புகளையே தேடவேண்டும். 1911, 1921 மக்கள்தொகைக் கணக்குகளையும் ஒப்பிடுதல் தகும்.

அம்மன் வழிபாட்டு வழக்காறுகளும் ஒப்பாரியும் தமிழ்த்துறையின் தனி வலிமை. எனினும் வரலாறு அல்லது சமூகவியல் துறையினர் ஒருவரை இணைத்துக்கொள்வது நன்று. செலவு மதிப்பீட்டில் எழுத்தாக்கத்துக்குத் தனித்தொகை காட்டவேண்டும்; ஒரு மணிநேர ஒப்பாரிப் பதிவை எழுத்தில் வடிக்கப் பல மணிநேரம் ஆகும்.