பிடித்த பிடியை விடாத தசை

ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு மரபணு ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் சிரிக்கலாம். படிக்கப் படிக்க, இது எனக்குப் பழகிய யார்டு சமாச்சாரமாகவே தோன்றியது.

நமது மூன்றாவது குரோமோசோமில் சி.என்.பி.பி. என்றொரு மரபணு இருக்கிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான உத்தரவு அது. உத்தரவின் நடுவே, புரதம் செய்யுமுன் வெட்டி எறியப்படும் ஒரு பகுதியில், சி.சி.டி.ஜி. என்ற நான்கு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக முப்பது தடவையைத் தாண்டாது. நோயாளிகளிடம் 75 முதல் 11,000 வரை போகிறது. சராசரி சுமார் 5,000.

எறியப்படும் பகுதிதானே, நீண்டால் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்த அந்த நீளம் செல்லின் உட்கருவிலேயே தேங்கிவிடுகிறது. மற்ற மரபணுக்களின் படிகளை வெட்டி ஒட்ட வேண்டிய 'மஸ்கிள்பிளைண்ட்' புரதங்கள் அதில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. லூப் லைனில் அடங்காத கூட்ஸ் ரேக் ஒன்று வந்து நின்றால், ஷண்டிங் ஆட்கள் எல்லோரும் அதன் பின்னால் ஓட, மற்ற வண்டிகளில் பெட்டிகள் மாறிக் கோக்கப்படுமே, அதே கதைதான்.

தசையைத் தளரச் செய்யும் குளோரைடு வாயில் சரியாக அமைவதில்லை. பற்றிய கை உடனே விடுவதில்லை. இன்சுலினை ஏற்கும் புரதமும் பிசகுவதால் சர்க்கரை நோய் வரலாம். இளம் வயதிலேயே கண்புரை, இதயத் துடிப்பில் கோளாறு ஆகியவையும் உண்டு.

1994-ல் ஜெர்மனியில் ரிக்கர் என்ற மருத்துவரும் சகாக்களும் இந்நோயைத் தனியாக இனங்கண்டார்கள். மரபணுப் பிழை 2001-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழுவிடம் பிடிபட்டது. ஐரோப்பிய வம்சத்தவரிடமே அதிகம் காணப்படுகிறது.

நடுவயதில் தொடை வலுவிழந்து, படியேற முடியாமல், உடம்பு வலி என்று சொல்பவரை, "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. பார்த்து இதயத்தைக் காக்கலாம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம்.

இந்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல். சாதாரண மரபணுச் சோதனை இவ்வளவு நீளத்தைப் படிக்காமல் விட்டுவிடும். குட்டை டேப்பால் பிளாட்பாரத்தை அளப்பது போல. இதற்கென்று உள்ள சோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும்.